சிதம்பரத்தில் எத்தனை லிஃப்ட்?

உலகத்திலேயே தொழில்நுட்பத்தில் மிகவும் முன்னேறிய நகரம் எது என்ற சண்டை எங்களுக்குள் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நடக்கும். என் கணவர் சிங்கப்பூரில் லிஃப்ட் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அங்கே போய் இரண்டாவது வருடம் முடியப்போகும் சமயம். நான் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகள் பிரிவில் இன்ஜினியர். சிதம்பரத்தில் அவருடைய அம்மாவோடு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர் ஊர்ப் பெருமையைத் தொடங்குவார்.

"இன்னிக்கு என்னா பாத்தேன் தெரியுமா? சாப்புடற எடத்துல தட்டு எடுக்க மிஷினு வருது. குறுக்க நின்னா வழி வுடுங்கன்னு கேக்குது."

"நம்ம ஊரு ஓட்டல்ல நீ கடைசி வாய வைக்கறதுக்குள்ள எலயத் தூக்கிடுவான் மாமா. எது ஸ்பீடு?"

என் டைரியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்திகள் போட்டிருந்தேன். இடதுபக்கம் அவர் ஊர், வலதுபக்கம் எங்கள் ஊர். அளவு எடுக்கிற வேலையில் இருப்பவள் என்பதால் பொய் எழுத மனம் வராது. இடதுபக்கம் வளர்ந்துகொண்டே போனது. பஸ் வர இன்னும் எத்தனை நிமிடம் என்று சொல்லும் பலகை. கடல் ஏறினால் மூடிக்கொள்ளும் மதகு. நாலு மொழியில் எச்சரிக்கும் ரயில். வலதுபக்கம் நாலே நாலு வரிகள்தான் இருந்தன. அதில் ஒன்று: கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுவதைக் கைபேசிக்கு எச்சரிக்கை வருவதற்கு முன்பே குமராட்சி மினிபஸ் கண்டக்டர் சொல்லிவிடுவார்.

"அது டெக்னாலஜி இல்லடி, வம்பு" என்று அவர் அதை அடிக்கச் சொன்னார். நான் அடிக்கவில்லை.

அவருக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது ஒரு சொல். அங்கே லிஃப்ட் வாசலில் தமிழிலும் எழுதியிருப்பார்களாம், 'மின்தூக்கி' என்று. முதல் மாதமே போட்டோ எடுத்து அனுப்பினார்.

"நம்ம ஊருல லிஃப்ட்னு இங்கிலீஷ்ல எழுதிட்டு, ரிப்பேர்னு மட்டும் தமிழ்ல எழுதி மாட்டுவான். இங்க பாரு, கௌரதயா எழுதியிருக்கான்."

அந்த ஊருக்கு எதிராக நான் எழுதிய ஒரே குறை, லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த உயரமான குழிக்குள் அவருக்கு சிக்னல் கிடைப்பதில்லை என்பது. அதைச் சொன்னால், "அது ஊரு தப்பு இல்ல, காங்க்ரீட்டு தப்பு" என்பார்.

இன்னொரு குறையையும் நான் அறிந்திருந்தேன். அதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அவர் போன வகைப் பெர்மிட்டில் மனைவியை அழைத்துக்கொள்ள வழி கிடையாது. திருமணம் முடிந்து நாலு மாதத்தில் போனவர். ஒரே ஊரில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களை மாதங்களாகச் சொன்னால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அந்த நகரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பொத்தான் இருந்தது. எனக்கு வேண்டியதற்கு மட்டும் இல்லை.

மற்றபடி தினசரி எங்களுக்கு ரிங்தான். இது அத்தையின் ஏற்பாடு. மகன் கிளம்பிய அன்று சிதம்பரம் ரயில் நிலையத்தில் பையைத் தூக்கிக்கொடுத்துக்கொண்டே சொன்னார்: "வேலைக்குப் போய்ச் சேந்தா ஒரு ரிங் வுடு. ரூமுக்கு வந்துட்டா ரெண்டு வுடு. யாரும் எடுக்க வேணாம்."

"மெசேஜ் போடறேம்மா, அதுக்கு எதுக்கு ரிங்கு?"

"எழுதி அனுப்புனா எப்ப எழுதுனதுன்னு யாரு கண்டா? ரிங்குன்னா இந்த நிமிஷம் நல்லா இருக்கறன்னு அர்த்தம்."

என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப நீ மூணு வுடு. மூணு வந்தா டிக்கெட் போட்டுட்டு வந்துடுவேன். காரணம் கேக்க மாட்டேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதன் பிறகு அவருக்குப் பதில் ரிங் கொடுக்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் மேலேயே இருக்கும். ஒன்று அடித்ததும் நிறுத்திவிடுவேன். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அவருடைய காலை எட்டு மணி எங்களுக்கு ஐந்தரை. அந்த ஒரு ரிங்கில்தான் எழுவேன். மாலை இரண்டு ரிங் வரும்போது பெரும்பாலும் பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும். கைப்பைக்குள் போன் இரண்டு தடவை அதிர்ந்து அடங்கும். எடுத்துப் பார்க்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், "போன் அடிக்குதுங்க" என்பார்கள். "அடிச்சு முடிஞ்சிடுச்சுங்க" என்பேன்.

என் வேலையிலும் இதுபோல் ஒரு பழக்கம் உண்டு. அழுத்தம் காட்டும் முள் கருவிகளை கேஜ் என்போம். ரீடிங் எடுப்பதற்கு முன் அதன் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உள்ளே முள் எங்காவது சிக்கி நின்றிருந்தால் அந்த அதிர்வில் விடுபட்டுச் சரியான எண்ணுக்கு வந்துவிடும். எல்லாம் டிஜிட்டலாக மாறிய பிறகும் எங்கள் ஆட்களுக்கு அந்தக் கை நிற்கவில்லை. எண்கள் ஓடும் திரையையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள். நான் சிரிப்பேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவர் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றபோது, என் விரல் தானாகப் போய் அவர் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. அழைப்பு துண்டானது. மறுபடி கூப்பிட்டவர், "என்னாடி, மொகத்துலயே அடிச்சு வெச்சுட்ட?" என்றார். கேஜ் கதையை அவருக்குச் சொன்னேன்.

அவருடைய ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது எனக்கு ஒரு வழி தெரிந்தது. அந்த ஊரில் கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு இன்ஜினியர் தேவை. என் படிப்புக்குக் கிடைக்கும் அனுமதி வேறு வகை. நான் நானாகவே போய் இறங்கலாம். விளம்பரத்தை அனுப்பியதே அவர்தான். கேட்கக்கூடிய கேள்விகளையும் யார் யாரிடமோ விசாரித்து அனுப்பினார். பட்டியலின் கடைசியில், 'உங்கள் கருத்தில் உலகத்தில் மிகவும் முன்னேறிய நகரம் எது, ஏன்?' என்று இருந்தது. பக்கத்தில் குரல் பதிவு: "இத மட்டும் கரெக்டா சொல்லிடு. டோக்கியோ கீக்கியோன்னு ஒளறி வெக்காத."

நேர்காணல் ஒரு சனிக்கிழமை காலை. அத்தை மிக்ஸி போடுவதில்லை என்று முந்தின நாளே வாக்குக் கொடுத்திருந்தார். எதிரே திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். முக்கால் மணி நேரம் நன்றாகவே போனது. கடைசியில் அந்தப் பெண் அதே கேள்வியைக் கேட்டார். டைரியின் இடதுபக்கத்தில் இருந்து ஐந்து காரணங்களை எடுத்து வரிசையாகச் சொன்னேன். மதகைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் தலையாட்டினார்கள்.

"அப்படிப்பட்ட நகரத்தில் ஏதாவது குறை இருப்பதாக நினைக்கிறீர்களா?" என்றார் அந்தப் பெண்.

இந்தக் கேள்வி பட்டியலில் இல்லை. எனக்குத் தெரிந்த விடை ஒன்றுதான். அந்த விடையை ஒரு நேர்காணலில் சொல்ல முடியாது. அவர்கள் இருவரும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நொடிகளுக்குப் பிறகுதான் படம் உறைந்திருக்கிறது என்று புரிந்தது. கை போய்விட்டது. லேப்டாப் திரையில், சரியாக அந்தப் பெண்ணின் நெற்றியில், டக் டக்.

"எங்களைத் தட்டுகிறீர்களா?" என்று குரல் வந்தது. என் திரையில் மட்டும்தான் படம் உறைந்திருந்தது. அவர்களுக்கு நான் தெளிவாகத் தெரிந்திருக்கிறேன்.

கேஜ் விஷயத்தை விளக்கினேன். அந்த ஆண் வாய்விட்டுச் சிரித்து, அவருடைய முதல் வேலையில் அவரும் தட்டியதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் முடித்தார்கள். குறை பற்றிய கேள்விக்கு நான் விடையே சொல்லவில்லை என்பது யாருக்கும் நினைவில்லை.

அதன் பிறகு பதினெட்டு நாட்கள் நான் அந்த ஊரில்தான் இருந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளியே போவது புதுச்சத்திரமாக இருக்காது. இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு ஓர் அறை, காலையில் ஒரே லிஃப்டில் இறங்குவது, கீழே போய் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிரிவது, மாலையில் ரிங் தேவைப்படாமல் கதவு திறப்பது. கொண்டுபோக வேண்டிய பொருட்களுக்கும் பட்டியல் போட்டேன். பொடி வகை, மருந்து, சான்றிதழ் நகல் என்று மூன்று தலைப்புகள்.

பத்தொன்பதாவது நாள் மின்னஞ்சல் வந்தது. எங்களுக்கு உங்களைப் பிடித்திருந்தது, ஆனால் இங்கேயே இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், வாழ்த்துகள். நாலே வரிகள், பிழையில்லாத வரிகள். மதிய உணவு இடைவேளையில் படித்துவிட்டு, டிபன் பாக்ஸை மூடி, அன்றைக்கு மிச்சமிருந்த மூன்று கேஜ்களையும் சரிபார்த்து முடித்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நகரத்தைப் பற்றிப் பேசவில்லை.

"கம்பெனில கேக்கறாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு. மாசக் கடைசி வெள்ளிக்கெழம கையெழுத்து போடணும்."

"நீ என்னா நெனக்கிற மாமா?"

"நான் என்னா நெனக்கிறது? அங்க வந்து என்னா பண்றது? எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட்டு ஒண்ணுதான். சிதம்பரத்துல மொத்தம் எத்தன லிஃப்ட்டு இருக்கு, சொல்லு? கோபுரத்துக்கு வெச்சுட்டாங்களா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டது கேள்வியே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண்ணிக்கையில் விடை உள்ள ஒன்றை யாராவது கேட்டால் எனக்கு அப்படியே விட வராது. போனை வைத்ததும் டைரியில் புதுப் பக்கம் திருப்பினேன். இடம், எத்தனை மாடி, யார் தயாரிப்பு, ஓடுகிறதா, பழுதானால் யார் வருகிறார்கள்.

சிதம்பரத்தில் நாலு வீதிகளையும் சுற்றியிருக்கும் லாட்ஜுகளில் தொடங்கினேன். முதல் லாட்ஜில் வரவேற்பில் இருந்தவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ரூம் வேணுமா?"

"வேணாங்க. லிஃப்ட்டு பாக்கணும்."

"லிஃப்ட்டு மட்டும் தனியா தரமாட்டோம்மா."

மெதுவாக விவரம் சொன்னதும், அவரே எழுந்து வந்து கதவைத் திறந்து காட்டினார். பெரிய திருவிழா வந்தால் ஆறு பேர் ஏறும் லிஃப்டில் பத்துப் பேர் ஏறி நடுவில் நின்றுவிடுமாம். பாண்டிச்சேரியில் இருந்துதான் ஆள் வரவேண்டும். "வர்றதுக்குள்ள உள்ள இருக்கறவுங்க தேவாரமே பாடி முடிச்சிடறாங்க" என்றார்.

அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் உயரமான விடுதிகள், புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்று. அவர் கேட்டது சிதம்பரத்தைத்தான் என்றாலும் கடலூரையும் சேர்த்துக்கொண்டேன்; வேலை முடிந்து பஸ் பிடிப்பதற்கு முன் தினமும் ஒரு தெரு. மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் லிஃப்டுக்குள் நின்று தயாரிப்பாளர் தகட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது விற்பனைப் பெண் கேட்டாள்: "அக்கா, நாலு தடவ மேல கீழ போயிட்டீங்க. எந்த மாடில என்னா வேணும்?"

"லிஃப்ட்டுதாம்மா வேணும்."

"அது சேல்சுக்கு இல்லக்கா" என்று சிரித்துவிட்டு, அது எப்போதெல்லாம் நின்றது, தான் எத்தனை தடவை மாட்டிக்கொண்டாள் என்று தேதியோடு சொன்னாள். இவளும் கணக்கு வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பிடித்துப்போனது.

பதினாறாவதாக எழுதியது ஒரு மருத்துவமனை. லிஃப்ட் கதவில் அட்டை தொங்கியது. 'ரிப்பேர்'. நல்ல தமிழ்க் கையெழுத்தில். ஒரு முதியவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டு மகன்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் "எறக்கிட்டு மூச்சு வாங்குங்கடா" என்றார். எத்தனை நாளாக ஓடவில்லை என்று காவலாளியிடம் கேட்டேன்.

"நாளா? வருஷம் கேளுங்க. ஒரு பார்ட்டு கெடைக்கலயாம். ஆளும் கெடைக்கலயாம்."

அட்டையை போட்டோ எடுத்தேன். மின்தூக்கி என்று எழுதிய அந்தப் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்தச் சண்டையில் முதல்முறையாக, என் ஊரிடம் எதுவெல்லாம் இல்லை என்பது எனக்குச் சாதகமாக இருந்தது.

இரண்டு ஊரிலும் சேர்த்து மொத்தம் முப்பத்தேழு. அதில் ஓடாதவை எட்டு. உள்ளூரில் கவனிக்க ஆள் இருப்பவை ஒன்றுகூட இல்லை. புதன்கிழமை மாலை அதைத் தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பினேன். கீழே எதுவும் எழுதவில்லை. எழுத நினைத்த வாக்கியங்கள் நிறைய. எல்லாமே காரணம் சொல்லும் வாக்கியங்கள். அத்தைக்கு உடம்பு முடியவில்லை, வீட்டு வேலை பாக்கி, இப்படி. எதுவும் பொய் இல்லை. எதுவும் உண்மையான காரணமும் இல்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. வியாழக்கிழமை காலை வழக்கமான ஒரு ரிங் வந்தது. பட்டியல் பற்றிப் பேச்சில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் தொழிற்சாலை வாசலுக்கு வந்தேன். லாரிகள் வரிசையாக நின்றன. வேப்பமர நிழலில் நின்று அவர் எண்ணை அழுத்தினேன். ஒன்று. வழக்கப்படி கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே வந்தது. விரலை எடுத்து, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். இரண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில நொடிகள்தான், ஆனால் ஒரு லாரி கிளம்பி, திரும்பி, சாலையில் ஏறுவதை முழுசாகப் பார்த்தேன். மூன்று. நிறுத்தினேன்.

பதில் இல்லை. அதற்குள் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருப்பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். போய் வேலையைப் பார்த்தேன். மூன்று மணிக்கு இல்லை. நாலு மணிக்கு இல்லை. பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் வந்தது. இரண்டு ரிங் வரவேண்டிய நேரம். போனைக் கைப்பையில் வைக்காமல் மடியில் வைத்திருந்தேன். ஆலப்பாக்கமும் போனது. அப்போதுதான் நான் செய்தது உறைத்தது. சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தையை இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து, அவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு அது நினைவிருக்கிறதா என்றுகூடக் கேட்டதில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் போன் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டும் என்று புரிவதற்கே சற்று நேரமானது.

"மூணு வந்துச்சு" என்றார்.

"ஆமா."

"கைதவறிப் போச்சா?"

"இல்ல மாமா."

பஸ்ஸில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"உன் லிஸ்ட்டு பாத்தேன்" என்றார் கடைசியில். "பதினாறாவது போட்டிருக்கியே, ஆசுபத்திரி. அது எந்த கம்பெனி மேக்கு? அத மட்டும் எழுதாம வுட்டிருக்க."

"கதவத் தொறக்க முடியல. உள்ள தகட்டுல இருக்கும்."

"மோட்டார் மேல இருக்கா, கீழ இருக்கா? அது தெரிஞ்சா இங்கேர்ந்து வரும்போது பார்ட்டு பாத்து எடுத்துட்டு வருவேன்."

நாளைக்கு மொட்டைமாடி ஏறிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் காதில் அந்தச் சத்தம் கேட்டது. அவர் போன் மேல் நகம். டக் டக்.

"என்னா மாமா பண்ற?"

"சத்தத்தக் காணும். முள்ளு நின்னுடுச்சோன்னு பாத்தேன்."

"நிக்கல" என்றேன். "சரியாத்தான் காட்டுது."